பெரிய மீனைக் காட்டப் போன ராமாமிர்தம்

டிரைவர் ராமாமிர்தம் போன மாதம் செத்துப்போனான். மூங்கில்கலைத் தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரரின் வரிசை வீடான லயத்தில், நாற்பத்தாறு வயதில், நெஞ்சில் சளி கட்டி. செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். "தங்கமான மனுசனுங்க. ஒரு நாளும் யாருக்கும் இல்லேன்னு சொன்னதில்ல." நான் வாசலில் போட்டிருந்த வாங்கில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அட கோதாரி, அந்த மனுசனைக் கொன்றதே அதுதானே என்று கத்தவேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. தோட்டத்துப் பெரிய கிளாக்கர் செத்தவீட்டில் கத்தக்கூடாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் இளையதம்பி. யாழ்ப்பாணத்தான். நாற்பத்தாறாம் ஆண்டு பசறைக்கு மேலே இருக்கிற இந்தத் தோட்டத்துக் கந்தோருக்கு வந்து பதினைந்து வருஷமாகக் கணக்கெழுதிக் கொண்டிருக்கிறேன். நான் வரும்போதே ராமாமிர்தம் பெரிய துரையின் டிரைவர். அவன் பிறந்தது இந்தத் தோட்டத்து லயத்தில்தான். அவனுடைய அம்மா பங்களாக் குசினியில் பாத்திரம் கழுவினாள். துரைமார் சாப்பிடும் மேசைக்குப் பின்னால் நின்று நின்றே அவன் இங்கிலீஷ் பிடித்துவிட்டான். பேசினால் துரைமார் மாதிரிப் பேசுவான். ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது.

பெரிய துரைக்குத் தமிழ் தெரியும் என்று பேர். தெரிந்ததெல்லாம் ஏச்சுத்தான். ஆகவே பெரட்டுக் களத்தில் காலையில் பேர் கூப்பிடும்போது ஏதாவது வழக்கு வந்தால், துரைக்கும் ஆட்களுக்கும் நடுவில் ராமாமிர்தம் நிற்பான். அங்கேதான் அவன் வித்தை. இந்தப் பக்கத்து 'முடியாது' அந்தப் பக்கம் போகாது, அந்தப் பக்கத்து 'முடியாது' இந்தப் பக்கம் வராது. நடுவிலேயே விழுங்கிவிடுவான்.

ஒரு நாள் மழை. ஏழாம் நம்பர் மலையில் மண் சரிகிறது, இன்றைக்குப் போகமாட்டோம் என்று பெண்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டார்கள். என்ன சொல்கிறார்கள் என்று துரை கேட்டார். "கொஞ்சம் பிந்திப் போகலாமா என்று கேட்கிறார்கள் சேர்" என்றான் ராமாமிர்தம் இங்கிலீஷில். போகாதவளுக்கு இன்றைக்குப் பேர் இல்லை, கூலியும் இல்லை என்றார் துரை. ராமாமிர்தம் பெண்கள் பக்கம் திரும்பினான். "துரை யோசிக்கிறாரு. நீங்க போய்க்கிட்டே இருங்க, சொல்லியனுப்புவாரு." போனார்கள். அன்றைக்கு மண் சரியவில்லை. அது அவர்கள் செய்த புண்ணியம். சாயங்காலம் இரண்டு பக்கத்தாரும் அவனைப் புகழ்ந்தார்கள்.

நாற்பத்தெட்டில் சட்டம் வந்தது. தோட்டத்துச் சனம் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாததாகப் போயிற்று. அடுத்த வருஷம், இத்தனை வருஷம் இங்கேயே இருந்தோம் என்று காட்டக்கூடியவர்கள் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போடலாம் என்றார்கள். ராமாமிர்தம் போட்டான். எழுதிக்கொடுத்தது நான். காட்டுவதற்குத்தான் ஒன்றுமில்லை. ஆட்களின் பேர் போடுகிற செக்றோல் புத்தகங்கள், நாற்பத்தேழு வெள்ளத்தில் கந்தோர்க் கூரை ஒழுகி, கூழாகிப்போயின. அவன் இங்கேயே இருந்தான் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள், அவனை வேலைக்கு வைத்த பெரிய துரை. இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்.

அவன் மனைவி பாக்கியலெட்சுமி என்னிடம் வந்து அழுவாள். "கப்பல்ல ஏத்தி இந்தியாவுக்கு அனுப்பிடுவாங்களாம்ல ஐயா? நாங்க எங்க போவோம்? அந்த ஊரு எந்தத் திக்குல இருக்குன்னுகூட எங்களுக்குத் தெரியாதே. ரெண்டு பொட்டப் புள்ளைங்கள வச்சிருக்கேன்." நான் கடிதத்தைத் தட்டச்சில் அடித்துத் துரையின் மேசையில் வைத்தேன். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். நாலு வருஷம் அந்த அடுத்த மாதம் வரவில்லை.

இதற்கிடையில் துரைக்குக் கடல் பைத்தியம் பிடித்தது. ஐம்பதாம் ஆண்டு பொத்துவில் பக்கம் வேட்டைக்குப் போனவர், கரையில் லத்தீப் என்ற மீன்பிடிகாரரைக் கண்டார். லத்தீப் தன் தோணியில் அவரை ஏற்றிக்கொண்டுபோய்த் திமிங்கிலம் காட்டினார். அந்தக் கரையில் அதைப் பெரிய மீன் என்றுதான் சொல்வார்கள். முதுகு எழும்பியதையும், மூச்சு விட்டதையும், வால் தெரிந்ததையும் துரை கிளப்பில் ஆறு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த வருஷம் சிநேகிதர்களைக் கூட்டிப்போனார். அதற்கடுத்த வருஷம் அவர்களுடைய பெண்சாதிமாரும். ஒவ்வொரு தடவையும் கார் ஓட்டவும் பேச்சு மாற்றிச் சொல்லவும் ராமாமிர்தம்.

லத்தீப் காட்டுவதற்கு ஒரு முறை வைத்திருந்தார். ராமாமிர்தம் எனக்கு அதை ஆசையாகச் சொல்லியிருக்கிறான். ஒரு கரைவலைக் கயிற்று நீளத்துக்குக் கிட்டப் போகக்கூடாது. துடுப்பைத் தூக்கிவிட்டுச் சும்மா இருக்கவேண்டும். "நாம அதுக்கிட்டப் போற இல்ல டிரைவர், விரும்பினா அது நம்மக்கிட்ட வரும்" என்பாராம். தாயும் குட்டியும் கரையை ஒட்டி வருகிற நாட்களில் யாரையும் ஏற்றமாட்டார். பெரிய மீனைக் கலைத்தால் அதோடு சின்ன மீனும் போய்விடும், வலை காயும் என்பது அவர் கணக்கு. சரியோ பிழையோ, அந்தக் கணக்கில்தான் அந்த ஊர் சாப்பிட்டது.

ஆனால் மூன்று வருஷத்தில் ஊர் மாறிப்போயிற்று. கரைவலை இழுக்க முப்பது கை வேண்டும். துரைமாரின் கார் வரும் என்று பாதி ஆண்கள் தோணியைக் கழுவிக்கொண்டு வீதியைப் பார்த்து நின்றார்கள். வலை மணலில் கிடந்தது. யாருடைய தோணியில் வெள்ளைக்காரர் ஏறுவது என்று அண்ணன் தம்பிக்குள் அடிபிடி. இதையெல்லாம் லத்தீப் துரையிடம் சொல்லச்சொன்னாராம். அடிக்கடி வரவேண்டாம், மாதத்துக்கு ஒரு தரம் போதும் என்று. ராமாமிர்தம் சொன்னது என்ன தெரியுமா? "நீங்கள் வருவது ஊருக்குப் பெரிய சந்தோஷமாம் சேர்."

ஐம்பத்துமூன்று ஆனியில் விசாரணைக்குத் திகதி வந்தது. அடுத்த மாதம், பதுளையில். ராமாமிர்தம் துரைக்கு முன்னால் போய் நின்றான். கடிதம் இல்லாமல் போனால் எல்லாம் முடிந்தது. துரை சிரித்தார். சனிக்கிழமை கொழும்பிலிருந்து ஒரு முக்கியமான ஆள் வருகிறார், பெரிய மீனை நன்றாகக் காட்டு, திரும்பி வந்ததும் கையெழுத்து என்றார்.

வந்தவர் கப்பலில் வருகிற வெள்ளைக்காரர்களுக்கு நாடு சுற்றிக்காட்டும் தொழில் பார்த்தவர். வெயிலுக்கு ஒரு பெரிய தொப்பி. லயத்துச் சனம் அவருக்குத் தொப்பித் துரை என்று பேர் வைத்தது. அந்தக் கரையில் ஒரு பங்களா கட்டி, வருஷம் முழுக்க ஆட்களைக் கொண்டுவருவது அவர் யோசனை. தோணியின் பின்னால் பூட்டுகிற ஓர் எஞ்சினையும் காரில் கொண்டுவந்திருந்தார்.

அன்றைக்கு அங்கே நடந்ததை ராமாமிர்தம் எனக்குச் சொன்னபடியே சொல்கிறேன். லத்தீப் மணலில் நின்று தலையை ஆட்டினார். "போக ஏலா டிரைவர். தாயும் குட்டியும் மூணு நாளா இந்தக் கரையிலதான் நிக்குது. எஞ்சினும் வேணாம், ஒண்டும் வேணாம். பதினஞ்சு நாள் கழிச்சு வரச்சொல்லுங்க துரைய."

"என்ன சொல்கிறான்?" என்றார் பெரிய துரை.

"இன்றைக்குக் குட்டியும் இருக்கிறதாம் சேர். நல்ல நாளாம்."

பிறகு லத்தீப்பிடம் திரும்பினான். அவரை அவன் 'நானா' என்றுதான் கூப்பிடுவான், அந்தக் கரையில் அண்ணன் என்று அர்த்தம். "தூரத்துல நின்னு பாத்தா போதும்ங்கிறாரு நானா. எஞ்சின் சும்மா பூட்டிப் பாக்கத்தான். இந்த ஒரு தடவ. என் புள்ளைங்க தலையெழுத்து இதுல இருக்கு நானா."

கடைசியாகச் சொன்னது மட்டும்தான் உண்மை. அதைக் கேட்டுத்தான் லத்தீப் இறங்கினார். கடிதக் கதை அவருக்குத் தெரியும். அவருடைய தம்பி ஹுமைத் தோணியின் முன்பக்க அணியத்தில் ஏறினான். நடுவில் துரைமார் இரண்டு பேர், தக்கை வைத்த மேலங்கி போட்டுக்கொண்டு. கூடவே ராமாமிர்தம். பின்னால் லத்தீப்.

பெரிய மீன் தெரிந்ததும் லத்தீப் துடுப்பைத் தூக்கினார். தொப்பித் துரை எஞ்சினைப் பிடித்துக்கொண்டார். கிட்டப் போகலாமா கேள் என்றார். ராமாமிர்தம் கேட்கவேயில்லை. "போகலாமாம் சேர்." எஞ்சின் போட்ட சத்தத்தில் லத்தீப் கத்தினார். "நிப்பாட்டச் சொல்லு! நடுவுக்குப் போறான்! தாய்க்கும் குட்டிக்கும் நடுவுக்குப் போறான்! டிரைவர், சொல்லு!" என்ன கத்துகிறான் என்று பெரிய துரை கேட்டார். ராமாமிர்தம் என்னிடம் சொல்லும்போது இந்த இடத்தில் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். அவன் துரைக்குச் சொன்ன பதில், "இன்னும் கொஞ்சம் என்கிறான் சேர்."

தாய் தோணிக்கு அடியில் எழும்பியது. அது தாக்கவில்லை, குட்டியிடம் போனது. அவ்வளவுதான். தோணி கவிழ்ந்தது. தக்கை மேலங்கி துரைமாரை மிதக்க வைத்தது. நீச்சல் தெரியாத ராமாமிர்தத்தைத் தலைமயிரில் பிடித்து இழுத்துத் துடுப்பில் போட்டது லத்தீப். அவர் அவனைக் காப்பாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் ஹுமைத் தோணிக்குக் கீழே இருந்தான். கரைக்குக் கொண்டுவந்தபோது அவன் நெஞ்சு உள்ளே போயிருந்தது. கலியாணம் கட்டி ஏழு மாதம்.

மரண விசாரணைக்கு முதல் நாள் துரை எங்கள் இரண்டு பேரையும் கந்தோருக்குள் கூப்பிட்டார். மேசையில் நான் அடித்த கடிதம். பக்கத்தில் பேனா. அவர் சத்தம் போடவில்லை, மிரட்டவில்லை.

"நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை" என்றார் இங்கிலீஷில். "தோணிக்காரன் சொன்னதாக நீ என்னிடம் என்ன சொன்னாயோ, அதை அங்கே சொல். அவ்வளவுதான்."

பாருங்கள், அந்த மனுசன் பேச்சில் பிழை பிடிக்க முடியாது. அவர் காதுக்கு ஒரு 'வேண்டாம்' கூட வரவில்லை. நான் அங்கேதான் நின்றேன். எல்லாம் தெரிந்தவன். எனக்கும் ஒரு வாய் இருந்தது. நான் பேனாவுக்கு மை இருக்கிறதா என்று பார்த்தேன்.

மறுநாள் மரண விசாரணைக்கு நானும் கூடப் போனேன். ராமாமிர்தம் அப்படியே சொன்னான். நல்ல நாள் என்றும், கிட்டப் போகலாம் என்றும், இன்னும் கொஞ்சம் என்றும் லத்தீப்தான் சொன்னார் என்று, தலையைக் குனிந்துகொண்டு, அழகான இங்கிலீஷில் சொன்னான். லத்தீப் தமிழில் கத்தியதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. இனி அவர் ஆளேற்றித் தோணி விடக்கூடாது என்றாயிற்று. வெளியே ஹுமைத்தின் பெண்சாதி வீட்டார் நின்றார்கள். லத்தீப்பின் சொந்த மச்சான் ஸலீம் அவர் முகத்தில் காறித் துப்பினான். "ஒங்கட தம்பியயே வெள்ளைக்காரனுக்கு வித்துப்போட்டீங்களே" என்றான்.

லத்தீப் துடைக்கவில்லை. நேரே எங்கள் காரடிக்கு வந்தார். "டிரைவர், நான் வேணாமெண்டு சொன்னத்த நீங்க துரைக்கிட்டச் சொன்னீங்களா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க. என்ட மனசுக்கு."

"சொன்னேன் நானா" என்றான் ராமாமிர்தம்.

அந்த நிமிஷம் அவனை அறையவேண்டும்போல் இருந்தது எனக்கு. லத்தீப் அவன் தோளில் கையை வைத்தார். "அப்ப அல்லாட நாட்டம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் கடலில் இறங்கவில்லையாம். தொப்பித் துரையின் பங்களா அவருடைய தோணித்துறையில்தான் எழும்பியது. எஞ்சின் தோணி மூன்று ஓடின. கரைவலை போட இடமில்லாமல் பாதிச் சனம் ஊரை விட்டுப் போயிற்று. நாலாம் வருஷம் பெரிய மீனும் அந்தப் பக்கம் வருவதை விட்டது. பங்களாவும் இப்போது பூட்டிக் கிடக்கிறது.

துரை சொன்னபடி கையெழுத்துப் போட்டார். கடிதம் கிடைத்துவிட்டது. இனி பிரஜாவுரிமை விசாரணை ஒன்றுதான் பாக்கி. இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவனை என் குவாட்டர்ஸில் வைத்துப் பழக்கினேன்.

"உமக்கு இந்தியாவில வீடு வாசல் இருக்கோ எண்டு கேட்பினம். என்ன சொல்லுவீர்?"

"சொல்லுங்க ஐயா."

"விசரா, நான் சொல்லுறதில்லை, நீர் சொல்ல வேணும். இல்லையெண்டு சொல்லும்!"

"நீங்க கேட்டா எப்புடிங்க ஐயா இல்லேன்னு..."

சுவரைப் பார்த்து நிற்க வைத்தேன். சுவருக்கு நன்றாகச் சொன்னான். நாற்காலியில் நான் உட்கார்ந்தால் வாய் வராது. கடைசியில் ஒரு மாதிரி என் முகத்தைப் பார்த்தே "இல்லீங்க, இல்லீங்க, இல்லீங்க" என்று சொல்லப் பழகிவிட்டான். பாக்கியலெட்சுமி அடுப்படியில் நின்று சிரித்தாள். எனக்கும் பெருமை. நான் ஒரு பெரிய வாத்தியார் ஆகிவிட்டேன் பாருங்கள்!

விசாரணையன்று நானும் சாட்சிக்காகப் பக்கத்தில் இருந்தேன். அதிகாரி நல்ல மனுசன்போலத்தான் தெரிந்தார். கடிதத்தை மெதுவாக வாசித்தார். வாசித்து முடித்து நிமிர்ந்து, தமிழில் மாற்றிச் சொல்ல நின்றவரைப் பார்த்து, நீங்கள் உட்காரலாம் என்றார். இவருக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியுமாமே என்றார்.

அது கடிதத்தில் இருந்த வரி. அந்த வரியை எழுதச்சொல்லி யாரும் கேட்கவில்லை. 'இங்கிலீஷ் மிக நன்றாகப் பேசுவார்' என்று என் கெட்டித்தனத்துக்கு நான் சேர்த்த வரி. இரண்டு ஞாயிறும் நான் அவனைப் பழக்கியது தமிழில். இங்கிலீஷில் அவனுக்கு 'இல்லை' என்பதே கிடையாது.

உன் குடும்பம் திருச்சிப் பக்கம்தானே என்று கேட்டார்.

"யெஸ் சேர்."

அங்கே உனக்குச் சொந்தக்காரர்கள், வீடு, நிலம் எல்லாம் இருக்கும், அல்லவா?

நான் மேசைக்கு அடியில் அவன் காலை மிதித்தேன். அவன் பாதத்தை இழுத்துக்கொண்டு, துரைக்கு முன்னால் நிற்கும் அதே சிரிப்போடு சொன்னான். "யெஸ் சேர்."

கடைசிக் காலத்தில் அங்கே போய்விடத்தான் எண்ணமா?

"யெஸ் சேர். தாங்க் யூ சேர்."

அதிகாரி ஒரு நிமிஷம் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தார். பிறகு எழுதினார். நான் வாயைத் திறந்தேன். சாட்சியிடம் இன்னும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டார். கடைசிவரைக்கும் கேட்கவுமில்லை.

வெளியே படியில் ராமாமிர்தம் என் கையைப் பிடித்துக்கொண்டான். "ஐயா, நல்லாப் பேசினேனுங்களா? ஒரு கேள்விக்குக்கூட எதுத்துப் பேசலைங்க. கெடச்சிருமுங்களா?" பாக்கியலெட்சுமியும் இரண்டு பிள்ளைகளும் மரத்தடியில் எழுந்து நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தீபாவளிச் சேலையைக் கட்டியிருந்தாள்.

"ஓம்" என்றேன். "கிடைக்கும்."

முடிவுக் கடிதம் கார்த்திகையில் வந்தது. நிராகரிக்கப்பட்டது, ஆட்சேபம் இருந்தால் இன்ன திகதிக்குள் மேன்முறையீடு செய்யலாம் என்று இங்கிலீஷில் இருந்தது. அவன் தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு முன்னால் நின்றான். என்னங்க ஐயா எழுதியிருக்கு என்று கேட்டான். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக நாளைக்கு என்றுதான் நினைத்தேன்.

"இன்னும் யோசிக்கினமாம்" என்றேன்.

அவன் தலையாட்டிவிட்டுக் கார் கழுவப் போனான். மேன்முறையீட்டுத் தவணை அந்தக் கடிதத்தோடு என் மேசை லாச்சிக்குள்ளேயே முடிந்தது. எட்டு வருஷம் ஒவ்வொரு மாதமும் தபால் வருகிற நாளில் கந்தோர் வாசலில் நின்று, ஐயா, யோசிச்சிட்டாங்களா என்று கேட்பான். போன மாதமும் கேட்டான்.